லோரிக் கொட்டகைக் கதவு

மலாக்காவின் காஜா பெராங்கில் சேவல் வளர்த்தவர்கள் வீணாகத் தீனி போட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். மருதப்பன் வீட்டு லோரிக் கொட்டகைக் கதவு ஏறும் சத்தத்தில்தான் அந்தத் தெருவே கண் விழித்தது. டக், டக், டக்கென்று இரும்பின் மேல் இரும்பு விழும். பசாருக்குக் கீரை கொண்டுபோகும் சீன அம்மா சைக்கிளை விட்டு இறங்கி, லோரியின் மூக்கு வெளியே வரும்வரை ஓரமாக நிற்பாள். மாட்டுவண்டிக்காரர்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஏசிக்கொண்டே ஒதுங்கிப் போவார்கள்.

அந்தக் கொட்டகை ஒரு காலத்தில் ரப்பர் ஷீட்டு அடுக்கும் கிடங்கு. வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு சாக்கடை மட்டும்தான் இருந்தது. இரட்டைக் கதவு போட்டால் விரித்துத் திறக்க இடமில்லை. அதனால் எவனோ ஒரு தச்சன் கனத்த காட்டுமரப் பலகைகளை இரும்புப் பட்டையால் இறுக்கி ஒரே கதவாக்கி, இரண்டு பக்கமும் காடி வெட்டி, நேராக மேலே ஏறும்படி செய்திருந்தான். உள்சுவரில் ஒரு ராட்டினம். கைப்பிடியைச் சுற்றினால் கம்பிக்கயிறு சுருண்டு கதவு ஏறும். ராட்டினத்தோடு சேர்ந்த பல்சக்கரம் ஒவ்வொரு பல்லாக நகரும்போது, விரல் தடிமனில் ஓர் இரும்பு நாக்கு பல்லிடுக்கில் விழுந்து பிடித்துக்கொள்ளும். அத்தனை பாரத்தையும் தலைக்கு மேலே நிறுத்தி வைத்தது அந்த நாக்கு ஒன்றுதான்.

கதவைச் சுற்றுகிறவன் கருப்பையா. லோரியில் மூட்டை ஏற்றி இறக்கும் கெலிண்டான் அவன். மருதப்பன் பெண்டாட்டி தெய்வானை பிறந்த புக்கிட் ரம்பாய் தோட்டத்துக்காரன். ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனவர்களில் திரும்பி வந்த சிலரில் ஒருவன். வந்து பார்த்தபோது அவன் பெண்டாட்டியும் இல்லை, பிள்ளையும் இல்லை. தோட்டத்து லயத்தில் அவன் வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். தெய்வானைதான் புருஷனிடம் சொல்லி அவனைக் கூட்டி வந்தாள். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லாத அவளுக்கு அவன் அண்ணன். அவனுக்கு அவள் தங்கச்சி. கொட்டகையின் பின்மூலையில் ஒரு கட்டிலும் தகரப்பெட்டியும் போட்டு அங்கேயே படுத்துக்கொள்வான்.

காலையில் அவர்கள் வேலை செய்யும் விதம் இப்படி. கதவை ஏற்றியதும் மருதப்பன் லோரியைக் கிளப்பி, மூக்கு மட்டும் வெளியே தெரிய நிறுத்துவான். கொட்டகைக்குள்ளே இருட்டும் புகையும். முழுசாக வெளியே விட்டாலோ ரோடு அடைபட்டுப் போகும். ஆகவே பாதி உள்ளே, பாதி வெளியே. கருப்பையா முன்கம்பியில் ஏறி நின்று மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றுவான், எண்ணெய் பார்ப்பான், கண்ணாடி துடைப்பான். அவ்வளவு நேரமும் கதவு அவன் தலைக்கு நேர்மேலே தொங்கிக்கொண்டிருக்கும். இத்தனை வருஷமாக யாரும் அதை நினைத்துப் பார்க்கவில்லை. தெய்வானை மட்டும் அடுப்படியிலிருந்து அந்த வேலை முடிகிற சத்தத்துக்காகக் காது கொடுத்தபடி இருப்பாள்.

மெர்டேக்கா என்ற சுதந்திரக் கொண்டாட்டம் முடிந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. லோரிக் கண்ணாடியில் ஒட்டிய காகிதக் கொடி இன்னும் மங்கவில்லை. அன்று காலை கருப்பையா தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது கதவு ஒரு சாண் இறங்கி நின்றது. அவன் தலைத்துண்டு நழுவிச் சாக்கடையில் விழுந்தது. சத்தம் கேட்டுத் தெய்வானை கரண்டியோடு ஓடி வந்தாள். அவன் அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"சயாம்ல சாகாதவன் இந்தப் பலகையிலயா சாவப்போறேன்? போ தங்கச்சி, கொழம்பு அடி பிடிக்கப் போவுது."

அவள் போகவில்லை. கரண்டியோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

புங்கா ராயா பக்கம் இரும்புப் பட்டறை வைத்திருந்த சீன முதலாளியை எல்லாரும் தவுக்கே என்பார்கள். அவன் வந்து பார்த்தான். பல்சக்கரத்தை விரலால் தடவினான். தோட்டத் தமிழர்களோடு பழகிப் பழகி அவனுக்கு ஒரு மாதிரித் தமிழ் வரும்.

"இது கெழவன் பல்லு லா. எல்லாம் தேஞ்சி போச்சி. ஒட்டலாம், முடியும் லா. ஆனா எத்தினி நாளு நிக்கும், எனக்குத் தெரியா. புதுசு போடு. இரும்புச் சுருட்டுக் கதவு. மேல போனா சுத்திக்கும், கீழ விழாது."

"யோசிச்சுச் சொல்றேன் தவுக்கே," என்றான் மருதப்பன். யோசிக்கிறேன் என்று அவன் சொன்னால் வேண்டாம் என்று அர்த்தம். பழைய செருப்பைக்கூட ஆணி அடித்து அடித்துப் போடுகிறவன். கெட்டவன் இல்லை. தன் கையிலிருக்கும் எந்தச் சாமானும் தனக்குத் துரோகம் செய்யாது என்று நம்புகிறவன்.

ராத்திரிச் சாப்பாட்டில் பேச்சு அதுதான். புரட்டாசி ஆனதால் கருவாடுகூட இல்லை. பூசணிக்காய்க் குழம்பும் கங்கோங் கீரையும். மருதப்பனின் தம்பி ஜெயபாலன் அரசாங்க ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. மத்தியானம் கடையில் மீன் சம்பல் தின்றுவிட்டு வந்ததை மறைத்துக்கொண்டு ரொம்ப பக்தியாகக் கீரையைப் பிசைந்தான்.

"புதுசா போட்டுருங்கண்ணே. கோலாலம்பூர்ல இப்ப எல்லாக் கடையிலயும் சுருட்டுக் கதவுதான். ஒத்தக் கையால தூக்கலாம். அண்ணியே தூக்கலாம்."

"அண்ணி ஏன்டா தூக்கணும்?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"புதுக் கதவுன்னா பழைய நிலைய ஒடச்சி எடுக்கணும். புரட்டாசில எவனாச்சும் நிலை வைப்பானா?"

"லோரிக் கொட்டகைக்கு என்னாண்ணே நிலை? லோரி என்ன வலது கால எடுத்து வச்சா உள்ள வருது?"

கருப்பையாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. தெய்வானை தண்ணீர்க் குவளையை அவன் பக்கம் தள்ளினாள்.

"சிரிங்க. நல்லா சிரிங்க," என்றான் மருதப்பன். "அந்த லோரிதான் நம்ம எல்லாருக்கும் சோறு போடுது. அது வந்து போற வாசலு வாசல் இல்லியா? தப்பான மாசத்துல நிலை வச்சி, பத்து பெரெண்டாம் ஊருக்குப் போற வழியில வண்டி கவுந்துச்சின்னா நீயா வந்து தூக்குவ?"

"அதுவரைக்கும் கதவு தாங்குமா? அதச் சொல்லுங்க," என்றாள் தெய்வானை.

"ஒட்டச் சொல்றேன். இந்த மாசம் ஓடட்டும். ஐப்பசி பொறந்ததும் புதுசு போட்டுக்கலாம்."

"இன்னிக்கு அண்ணன் தலையில விழுந்திருந்தா?"

"விழலியே."

"ஏங்க, விழுந்திருந்தா?"

மருதப்பன் சோற்றைப் பிசைந்தான். கருப்பையாதான் சமாதானத்துக்கு வந்தான். "விடு தங்கச்சி. மொதலாளி சொல்றதும் சரிதானே. ஒனக்கு மனசு கேக்கலன்னா நான் ஒரு தொங்காட் குடுத்துக்கறேன். மாட்டுவண்டிப் பட்டியில ஒடஞ்ச ஏர்க்கால் கெடக்குது. நல்ல உருப்படி. கதவ ஏத்துனதும் கீழ முட்டுக் குடுத்துட்டா எமனே வந்து தள்ளுனாலும் எறங்காது."

அப்படித்தான் முடிவாயிற்று. தவுக்கே வந்து பல்லுக்குப் பல் ஒட்டு வைத்தான். கருப்பையா வண்டி ஏர்க்காலைக் கொண்டு வந்து, மேல்முனையில் இரும்புப் பூண் மாட்டி, கதவின் கீழ் விளிம்புக்கு அளவாக அறுத்தான். தொங்காட் என்றால் மலாயில் ஊன்றுகோல், முட்டுக்கட்டை. கதவு ஏறியதும் அதை நிமிர்த்தி முட்டுக்கொடுப்பான். அதற்குப் பிறகுதான் லோரியின் முன்கம்பியில் கால் வைப்பான். தெய்வானை எழுந்து வந்து அது நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காப்பி கலக்கப் போவாள். அந்த நாட்களில் அவள் நன்றாகத் தூங்கினாள்.

ஆயுத பூஜை வந்தது. லோரியைக் கழுவிச் சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டினார்கள். ஸ்பேனர், ஜேக்கி, சுத்தியல், மூட்டை குத்தும் கொக்கி எல்லாவற்றையும் துடைத்து இலையில் அடுக்கினார்கள். தெய்வானை கடலையும் பொரியும் அவலும் கொண்டு வந்து வைத்தபோது கருப்பையா தொங்காட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"இத ஏன் விடணும்? நம்ம உசுர இத்தன நாளு காப்பாத்துனது இதுதானே."

அது நியாயமாகத்தான் பட்டது. இலைக்கு நீளம் போதாததால், வெளிச்சுவர் ஓரம் ஜம்பு மரத்தடியில் குழி பறித்து நட்டான். மஞ்சள் துணி சுற்றி, சந்தனமும் குங்குமமும் வைத்து, உச்சிப் பூணில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் குத்தினான். பூஜைக்கு வைத்த சாமானை மறுநாள் வரை எடுக்கக் கூடாது. அன்று லோரி எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வெளியே வந்தபோது கதவுக்கு முட்டு இல்லை. மருதப்பன் கற்பூரம் சுற்ற, கருப்பையா கதவுக்குக் கீழேயே நின்று பூசணிக்காய் உடைத்தான். தெய்வானை கையில் மணியைப் பிடித்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடிக்க மறந்துவிட்டாள்.

கதவு நகரவில்லை.

அன்று சாயங்காலம் பக்கத்துத் தெருப் பாக்கியலட்சுமி கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்தாள். மலாக்காச் செட்டிக் குடும்பத்துப் பெண். கெபாயாச் சட்டையும் சாரோங்கும் கட்டி, நெற்றி நிறையத் திருநீறு. அவர்கள் வீட்டில் சாமி தமிழ்ச் சாமிதான், பேச்சு மலாய். ஜம்பு மரத்தடியில் மஞ்சள் துணியோடு நின்ற கட்டையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினாள்.

"இனி தத்தோக் கா?" என்று மெதுவாகக் கேட்டாள். இது காவல் தெய்வமா என்று அர்த்தம்.

கருப்பையா இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கும்பிட்ட கையோடு நிற்கிறவளிடம் அது கதவுக்கு முட்டுக் கொடுக்கிற கட்டை என்று எப்படிச் சொல்வது? தலையை ஆட்டிவிட்டான். அவள் தலைப்பூவை எடுத்து அதன் காலடியில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் விடிந்தபோது பால் டின்னில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. கீரைக்காரச் சீன அம்மா வைத்தது. அதற்கடுத்து மாட்டுவண்டிக்காரர்கள் சுருட்டும் முட்டையும் வைத்தார்கள். சுருட்டு வந்துவிட்டால் அப்புறம் சந்தேகத்துக்கு இடமேது? முனியாண்டியேதான். தொங்காட் முனி என்று பெயரும் தானாக அமைந்துவிட்டது.

"அண்ணே, மறுபூஜ ஆயிருச்சு. கட்டைய எடுத்துக் கதவுக்குக் குடுங்க," என்றாள் தெய்வானை.

"என்னா தங்கச்சி இப்படிப் பேசற? கட்டைங்கற? ஊரே கும்பிடுது. அவரப் போயி சாக்கடை ஓரத்துல நிறுத்தி, எண்ணெயும் சேறும் படவா?"

"சரி, இன்னொரு கட்டை அறுத்துக்கங்க."

"அது இன்னும் தப்பு. அவரு வெளிய காவல் நிக்கறப்ப இன்னொரு முட்டு வச்சா, நீ பத்தாதுன்னு அவர்கிட்ட சொல்ற மாதிரி ஆயிரும். நேத்து பாத்தில்ல? முட்டே இல்லாம நின்னுச்சில்ல?"

அவள் மருதப்பனிடம் போனாள். அவனும் கருப்பையா பக்கம்தான். லோரிக்கு அந்த வாரம் துறைமுகத்துச் சர்க்கரை மூட்டை வேலை புதிதாகக் கிடைத்திருந்தது. அது முனி கொடுத்தது என்று அவனுக்கு உறுதி. ஜெயபாலனையாவது பேசச் சொல்லலாம் என்றால், அவன் வேலை உயர்வுக்கு முனியிடம் நேர்ந்துகொண்டிருந்தான். உயர்வும் வந்துவிட்டது. கோலாலம்பூர்க் கதவைப் பற்றி அதன் பிறகு அவன் வாயே திறக்கவில்லை.

தெய்வானைக்கு எரிச்சலாக வந்தது. சாமி மேல் அவளுக்குக் கோபமில்லை. அவளும் காலையில் குளித்துவிட்டு அங்கே விளக்கு வைத்தாள், அண்ணனுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று வேண்டினாள். ஆனால் விளக்கு வைத்துவிட்டுக் கொட்டகை கூட்டப் போனால், ராட்டினத்துக்குக் கீழே மினுமினுவென்று இரும்புத் தூள் கிடந்தது. கூட்டிப் போட்டால் மறுநாளும் கிடந்தது. ஒட்டு வைத்த பல் கரைகிறது என்று அவளுக்குப் புரிந்தது. உள்ளங்கையில் அள்ளிக்கொண்டுபோய்ப் புருஷனிடம் காட்டினாள்.

"இரும்பு இரும்போட ஒரசுது. தூளு விழாம பூவா விழும்?" என்றான் அவன்.

ஐப்பசி பிறந்தது. மத்தியானமானால் இடியும் மழையும். மரமெல்லாம் ஊதிக் கதவு காடியில் இறுகியது. கருப்பையா இரண்டு கையாலும் தொங்கித் தொங்கிச் சுற்ற வேண்டியிருந்தது. தவுக்கே அளவு எடுக்கும் நாடாவோடு வந்தான். மருதப்பன் அவனுக்குக் காப்பி கொடுத்து, மெர்டேக்காவைப் பற்றிப் பேசி, மழையைப் பற்றிப் பேசி, வெறுங்கையோடு அனுப்பிவைத்தான்.

"ஐப்பசி வந்ததும் போடறேன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன். ஆனா புதுக் கதவுக்குச் சொவத்த இடிக்கணும்னு தவுக்கே சொல்றான், தெய்வான. சொவத்த ஒட்டித்தான் அவரு நிக்கறாரு. பூஜ நடக்கற எடத்துல கடப்பாரை போடவா?"

"அந்தக் கட்டையே இந்தக் கதவுக்காக வந்ததுதானேங்க."

"அதான் சொல்றேன். அவரு வந்ததே இந்தக் கதவக் காப்பாத்த. அப்பறம் எதுக்குக் கதவ மாத்தணும்?"

அவளுக்கு அழுகை வந்தது. பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு மழை மத்தியானம். ஆண்கள் இருவரும் பின்பக்கம் சாக்கு அடுக்கும் இடத்தில் இருந்தார்கள். தெய்வானை கொட்டகைக்குள் நின்றாள். கதவு ஏறியிருந்தது. கர்ரென்று ஒரு சத்தம். அவள் கண் முன்னால் கதவு இரண்டு விரற்கடை இறங்கியது. நின்றது. மறுபடி ஒரு விரற்கடை. அவள் போட்ட கூச்சலில் இருவரும் ஓடி வந்தார்கள். அவர்கள் வந்தபோது கதவு சும்மா நின்றது.

"மழைக்கு மரம் ஊதிருக்கு, அந்தச் சத்தம்தான்," என்றான் மருதப்பன்.

"நீ ரொம்ப பயப்படற தங்கச்சி. முனிக்கு ஒரு எலுமிச்சம்பழம் குத்திடு," என்றான் கருப்பையா. அவன் முகத்தைப் பார்த்தாள். பயம் என்பது துளிகூட இல்லை. காட்டில் எத்தனையோ பேரைப் புதைத்துவிட்டு வந்தவன், தன் முறை எப்போதோ தவறிப்போய்விட்டது என்று நிச்சயமாக நம்பினான். அந்த நம்பிக்கைதான் அவளைக் கொன்றது. விழத்தான் போகிறது. விழும்போது கீழே அவன் இருப்பான்.

அதற்குப் பிறகு அவள் கதவைப் பற்றி யாரிடமும் பேசவில்லை, முனியிடம் வேண்டவும் இல்லை.

ஒரு காலை வழக்கம்போல லோரியின் மூக்கை வெளியே நிறுத்திவிட்டு மருதப்பன் குளிக்கப் போனான். கருப்பையா டின்னை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கத் தெருக்குழாய்க்குப் போனான். தெய்வானை விளக்குமாற்றைக் கீழே போட்டாள். வாசலுக்குப் போய் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தாள். லோரிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "யாராச்சும் இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்தாள். பிறகு ராட்டினத்துக்கு வந்து கைப்பிடியின் மேல் உடம்பு முழுவதையும் சாய்த்து அழுத்தினாள். நாக்கு கொஞ்சம் தளர்ந்தது. இடது கையால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

கைப்பிடி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழன்றது. தரை அதிர்ந்தது. லோரியின் விளக்குகள் வெடித்தன. முன்மூடி அப்பளமாக நொறுங்கியது.

ஈரத் துண்டோடு, காதில் சோப்பு நுரையோடு மருதப்பன் ஓடி வந்தான். லோரியை அவன் பார்க்கவே இல்லை. கதவுக்கடியிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் வழிந்து தரையில் பரவிக்கொண்டிருந்தது. உடைந்த ரேடியேட்டரின் துருத் தண்ணீர் அது. அவனுக்கு அது தெரியவில்லை.

"கருப்பையா! டேய் கருப்பையா!" என்று அலறிக்கொண்டு கதவின் விளிம்பில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினான். நகம் பிய்ந்தது. மறுபடியும் தூக்கினான். நாலு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத கதவு. "தெய்வான, ஓடு, ஆளுங்களக் கூப்புடு!" என்று கதறினான். தன் புருஷன் அப்படி அழுது அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை.

"மொதலாளி, நான் இங்க இருக்கேன்," என்று குரல் கேட்டது. கருப்பையா தண்ணீர் டின்னோடு பக்கவாசலில் நின்றான். மருதப்பன் அவனைப் பிடித்து உலுக்கினான், ஓர் அறை விட்டான், பிறகு கட்டிக்கொண்டான்.

கருப்பையா மெல்ல விடுவித்துக்கொண்டு ஜம்பு மரத்தடிக்குப் போய்த் தரையில் குப்புற விழுந்தான்.

"என் தப்பு சாமி. நேத்து கள்ளுக்கடைக்குப் போயிட்டு வந்து அந்த வாயோட ஒனக்குச் சூடம் காட்டுனேன். அதான் ஒன் கோவத்தக் காட்டிட்ட. என்ன அடிச்சிருக்கலாமே, சோறு போட்ட வண்டிய அடிச்சிட்டியே."

அன்று முழுவதும் மருதப்பன் உடைந்த லோரியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் தெய்வானையைக் கூப்பிட்டான். "நீ சொன்னப்ப கேட்டிருக்கணும். கதவு தானா விழுதுன்னா இனிமே அத வச்சிருக்கறது பாவம். நாளைக்கே தவுக்கேக்கு ஆள் அனுப்பறேன். சுருட்டுக் கதவே போட்டுரலாம்."

அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை அதுதான். லோரி போனால் போகட்டும், சரி பண்ணிக்கொள்ளலாம். அன்று ராத்திரி அவள் நிம்மதியாகப் படுத்திருக்க வேண்டும். ஆனால் கருப்பையா சாப்பிட வரவில்லை. தட்டைக் கொண்டுபோய் வைத்தாள், அப்படியே இருந்தது.

காலையில் அவன் மொட்டையடித்துக்கொண்டு தகரப்பெட்டியோடு வந்து நின்றான்.

"நான் வர்றேன் மொதலாளி. புக்கிட் ரம்பாய்க்கே போயிடறேன்."

"எதுக்குடா?"

"சயாம்லயும் இப்படித்தான். நான் நின்ன கூட்டம் எல்லாம் செத்துச்சி, நான் மட்டும் மிஞ்சினேன். வீட்டுக்கு வந்தேன், அங்கயும் யாரும் இல்ல. இப்ப ஒங்க லோரி. எங்கிட்ட என்னமோ இருக்கு. என்ன விட்டுட்டு என் பக்கத்துல உள்ளவங்கள அடிக்குது. நான் இங்க இருந்தா அடுத்தது தங்கச்சிதான்."

மருதப்பன் தலையைக் குனிந்துகொண்டான். கருப்பையா பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சாக்கடைப் பலகையில் கால் வைத்தான். தோட்டத்தில் அவனுக்கு யாரும் இல்லை என்பது தெய்வானைக்குத் தெரியும். இந்த எண்ணத்தோடு போனால் அவன் எங்காவது ஒரு மரத்தடியில் கிடந்தே செத்துப்போவான் என்பதும் தெரியும்.

"அண்ணே, நில்லுங்க."

அவன் திரும்பினான்.

"கதவு தானா விழல. நாந்தான் நாக்கத் தூக்கிவிட்டேன். நீங்க கொழாயடியில இருந்தீங்க. அடியில ஆளு இல்லன்னு பாத்துட்டு நாந்தான் விட்டேன். ஒங்க மேல விழறதுக்கு முன்னால விழட்டும்னு விட்டேன்."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். மருதப்பன் எழுந்து வந்தான். அடிப்பான் என்று நினைத்து அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் அடிக்கவில்லை.

"நெசமாவா?"

"நெசமா."

"நீயா தூக்குன? தானா நழுவல?"

"நாந்தான். கைப்பிடிய அழுத்திப் பிடிச்சித் தூக்குனேன்."

அவள் கண்ணைத் திறந்தபோது அவன் முகம் தெளிந்துகொண்டிருந்தது. கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது, அதுவும் பாதிக் கோபம். "பைத்தியக்காரி," என்றான். பெருமூச்சு விட்டான். ராட்டினத்துக்குப் போய்ப் பல்சக்கரத்தைக் கையால் தடவினான். "அப்ப கதவு மேல தப்பு இல்ல."

"ஏங்க, அப்படி இல்லீங்க. அது தேஞ்சி போயி..."

"நீ எறக்கிவிட்டா எந்தக் கதவும் எறங்கத்தானே செய்யும்? இத்தன அடி அடிச்சும் பலகையில ஒரு கீறல் இல்ல பாத்தியா?"

கருப்பையா பெட்டியைக் கீழே வைத்தான். அவன் கண்ணில் தண்ணீர் தளும்பியது. "அப்ப அவரு எம்மேல கோவிக்கலியா தங்கச்சி?" என்று சின்னப் பிள்ளைபோலக் கேட்டான். கேட்டுவிட்டுச் சிரித்தான். மருதப்பனும் சிரித்தான். இரண்டு பேரும் ஒரு பெரிய கண்டத்திலிருந்து தப்பியவர்கள்போல ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டார்கள்.

தவுக்கேக்கு ஆள் போயிற்று. லோரி மூடியை நிமிர்த்தவும், பல்சக்கரத்துக்கு இன்னொரு ஒட்டு வைக்கவும் வரச் சொல்லித்தான் போயிற்று. கதவை மறுபடி மேலே ஏற்றினார்கள். மருதப்பன் ராட்டினத்தைச் சுற்றிக் கம்பிவலை அடித்து ஒரு பூட்டும் போட்டான். சாவி ஒன்று அவனிடம், ஒன்று கருப்பையாவிடம். தெய்வானை அந்தப் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு.

லோரி ஓடத் தொடங்கிய முதல் காலை. மழை விட்டிருந்தது. டக், டக்கென்று கதவு ஏறியது. லோரியின் மூக்கு வெளியே வந்து நின்றது. கருப்பையா தண்ணீர் டின்னோடு முன்கம்பியில் ஏறினான். அடுப்படி வாசலில் தெய்வானை நிற்பதைக் கண்டு உற்சாகமாகக் கூப்பிட்டான்.

"தங்கச்சி! இனிமே பயமே இல்ல, பாத்தியா? சாவி எங்கிட்ட இருக்கு!"

இடுப்பிலிருந்த சாவியைத் தூக்கி அவளுக்குக் காட்டினான். பிறகு கதவுக்கடியில் குனிந்து, மூடியைத் திறந்து, நிதானமாகத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினான்.